கையில் கடிகாரம்... காலில் வேகம்!



உங்கள் பள்ளி மைதானத்தை நாலு சுற்று ஓடி வரச் சொல்லி பி.டி. சார் விசில் அடித்தால் என்ன செய்வீர்கள்? முதல் சுற்றில் எல்லோரும் புலிப் பாய்ச்சல்தான்! இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்கும். மூன்றாவது சுற்றில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடப்போம். நாலாவது சுற்றில், ஆரம்பத்தில் பின்தங்கி இருந்த ஒரு பையனோ பெண்ணோ நிதானமாக நம்மைத் தாண்டிப் போய்விடுவார். நமக்கு ஒரே ஆச்சரியமாக இருக்கும்!

அந்தப் பிள்ளைக்கு மட்டும் எப்படி முடிந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடியே ஒருவர் தன் இளமை முழுவதையும் செலவிட்டார். ஓடும்போது கையில் ஒரு கடிகாரத்தையும் பிடித்துக்கொண்டே ஓடியவர் அவர். ஒலிம்பிக்கில் 9 தங்கப் பதக்கங்களும் 3 வெள்ளிப் பதக்கங்களும் வென்றவர். அவர் பெயர் பாவோ நூர்மி. உலகம் அவரைப் 'பறக்கும் பின்லாந்துக்காரர்' என்று செல்லமாக அழைத்தது. வாருங்கள், அவர் கதையைத் தெரிந்துகொள்வோம்.

தச்சரின் மகன்

ஐரோப்பாவின் வடக்கு மூலையில் இருக்கும் குளிர் நாடு பின்லாந்து. ஏரிகளும் காடுகளும் நிறைந்த தேசம். அங்கே துர்கு என்ற துறைமுக நகரத்தில் 1897ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் தேதி பாவோ பிறந்தான். அப்போது பின்லாந்து ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது.

அப்பா ஒரு தச்சர். வீட்டில் பணத்துக்குப் பஞ்சம்தான். ஆனால் விளையாட்டுக்குப் பஞ்சம் இல்லை! பாவோவும் அவன் நண்பர்களும் கோடைக்காலத்தில் நீந்துவதற்காக ருயிசாலோ என்ற தீவுக்குப் போவார்கள். தூரம் 6 கிலோமீட்டர். போகும்போதும் ஓட்டம், வரும்போதும் ஓட்டம். சில நாட்களில் இரண்டு முறைகூடப் போய் வருவார்கள். யாரும் அவர்களை ஓடச் சொல்லவில்லை. ஓடுவது அவர்களுக்கு அவ்வளவு பிடித்திருந்தது!

பாவோவுக்கு 11 வயது இருக்கும்போது 1500 மீட்டர் தூரத்தை 5 நிமிடம் 2 விநாடியில் ஓடினான். இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதை வைத்து ஒரு கணக்குப் போடப் போகிறோம்.

மேட்டில் ஏறிய வண்டி

1910ஆம் ஆண்டு அந்தக் குடும்பத்தின் மீது இடி விழுந்தது. அப்பா இறந்துபோனார். பாவோவுக்கு அப்போது 12, 13 வயதுதான். அடுத்த வருடமே குட்டித் தங்கை ஒருத்தியும் இறந்துபோனாள்.

அம்மாவும் பிள்ளைகளும் என்ன செய்வார்கள்? வருமானத்துக்காகத் தங்கள் வீட்டுச் சமையலறையை வேறொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். எல்லோரும் ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். பாவோ படிப்பில் கெட்டிக்காரன். ஆனாலும் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்க வேண்டியதாகிவிட்டது. ஒரு ரொட்டிக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான்.

துர்கு நகரத்தின் தெருக்கள் மேடும் பள்ளமுமானவை. பாரம் ஏற்றிய தள்ளுவண்டியை அந்த மேடுகளில் தினமும் தள்ளிக்கொண்டு ஏற வேண்டும். விளையாடப் போக நேரம் கிடையாது. ஓட்டப் பயிற்சியும் நின்றுபோனது.

பாவோவின் ஓட்டக் கனவு அவ்வளவுதான் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஆனால் அந்த வண்டி பாவோவுக்குத் தெரியாமலேயே ஒரு வேலை செய்துகொண்டிருந்தது. மேட்டில் வண்டி தள்ளித் தள்ளி அவன் கால்களும் முதுகும் இரும்பாயின. தன் உடம்புக்கு வலு தந்தது அந்த மேட்டுத் தெருக்கள்தான் என்று பிற்காலத்தில் அவரே நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

ஒரு செய்தி... ஒரு ஜோடி காலணி!

1912ஆம் ஆண்டு. ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரத்தில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. அங்கே பின்லாந்தைச் சேர்ந்த ஹான்னஸ் கோலேமைனன் என்ற வீரர் 5000 மீட்டர், 10,000 மீட்டர், நாட்டுப்புற ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். சொந்த நாடு ரஷ்யாவின் பிடியில் இருந்ததால், அவர் வென்றபோது ஏற்றப்பட்டது ரஷ்யக் கொடி! ஆனாலும் பின்லாந்து என்று ஒரு நாடு இருக்கிறது என்பதை அவரது கால்கள் உலகத்துக்குச் சொல்லிவிட்டன.

இந்தச் செய்தி துர்கு நகரத்து 15 வயதுப் பையனின் காதிலும் விழுந்தது. அடுத்த சில நாட்களில் பாவோ தன் வாழ்க்கையின் முதல் ஓட்டக் காலணியை வாங்கிவிட்டான். கோலேமைனன் போல நாமும் ஓட வேண்டும் என்ற ஆசை மீண்டும் துளிர்த்தது.

கோடையில் காட்டுப் பாதைகளில் ஓட்டம். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு. 1914ஆம் ஆண்டு உள்ளூர் விளையாட்டுக் கழகம் ஒன்றில் சேர்ந்தான். 3000 மீட்டர் பந்தயத்தில் முதல் வெற்றியும் கிடைத்தது. 1916ஆம் ஆண்டு பயிற்சி முறையை மாற்றினான். நீண்ட தூர நடை, வேகமான குறுகிய ஓட்டம், உடற்பயிற்சி என்று மூன்றையும் கலந்து செய்தான். பகலில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துக் குடும்பத்தையும் காப்பாற்றினான்.

1917ஆம் ஆண்டு பின்லாந்து விடுதலை பெற்றது. 1919ஆம் ஆண்டு பாவோ ராணுவத்தில் சேர்ந்தார். (வளர்ந்துவிட்டார் அல்லவா? இனி 'அவர்' என்றே சொல்வோம்!) அங்கே ஒருமுறை துப்பாக்கி, தோட்டாப் பட்டை, மணல் மூட்டை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு 20 கிலோமீட்டர் அணிவகுத்துச் செல்லும் போட்டி. மற்றவர்கள் நடந்தார்கள். நூர்மி முழுத் தூரத்தையும் ஓடியே முடித்தார். அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாரே, குறுக்கு வழியில் வந்திருப்பாரோ என்று சில அதிகாரிகளுக்குச் சந்தேகமே வந்துவிட்டதாம்!

முதல் போட்டியில் தோல்வி

1920ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் ஆன்ட்வெர்ப் நகரில் ஒலிம்பிக். நூர்மிக்கு வயது 23. முதல் போட்டி 5000 மீட்டர். அதில் கடைசிச் சுற்றில் பிரான்ஸ் வீரர் ஜோசப் கிய்மோ பாய்ந்து முந்திவிட்டார். நூர்மிக்கு வெள்ளிதான்.

தோற்றவர் அழுது புலம்பவில்லை. எங்கே தவறு என்று யோசித்தார். மூன்று நாள் கழித்து 10,000 மீட்டர் போட்டி. அதே கிய்மோவும் ஓடினார். இந்த முறை நூர்மி அவசரப்படவில்லை. மற்றவர்களை முன்னால் ஓடவிட்டுத் தன் சக்தியைச் சேமித்து வைத்தார். கடைசியில் முந்தினார். தங்கம்! பிறகு நாட்டுப்புற ஓட்டத்தில் தனிநபர் தங்கம், குழுத் தங்கம் என்று மேலும் இரண்டு.

அதே ஆன்ட்வெர்ப் போட்டியில் மாரத்தானில் தங்கம் வென்றவர் யார் தெரியுமா? நூர்மியின் சிறுவயது நாயகன் கோலேமைனன்தான்!

இந்த வெற்றியால் நூர்மியின் அம்மாவுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? அவர்கள் வீட்டுக்கு மின்விளக்கும் குழாய்த் தண்ணீரும் வந்தன. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நூர்மிக்கு, ஹெல்சிங்கி நகரில் தொழிற்கல்வி படிக்க உதவித்தொகையும் கிடைத்தது. ரொட்டி வண்டி தள்ளிய பையன் மீண்டும் மாணவனானான்!

கடிகாரம் என்ன சொன்னது?

அடுத்த வருடங்களில் மைதானத்தில் ஒரு வினோதக் காட்சி. நூர்மி ஓடும்போது அவர் கையில் ஒரு ஸ்டாப் வாட்ச் இருக்கும். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அதைப் பார்ப்பார். பக்கத்தில் ஓடுகிறவரைப் பார்க்க மாட்டார்!

எதற்காக அப்படி? அவர் கண்டுபிடித்த ரகசியம் ரொம்ப எளிமையானது. ஆரம்பத்தில் தலைதெறிக்க ஓடினால் கால் தசைகள் நிறைய ஆக்சிஜன் கேட்கும். இதயமும் நுரையீரலும் எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும் அவ்வளவையும் கொடுக்க முடியாது. அதனால் சீக்கிரமே கால்கள் கனத்துவிடும். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு சுற்றையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஓடினால் சக்தி கடைசிவரை நிற்கும்.

ஒரு கணக்குப் பார்ப்போமா? 1924ஆம் ஆண்டு நூர்மி 10,000 மீட்டரை 30 நிமிடம் 6.2 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். 400 மீட்டர் சுற்று என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 25 சுற்றுகள். வகுத்துப் பாருங்கள். ஒரு சுற்றுக்குச் சராசரியாக 72 விநாடிக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு சுற்றை 72 விநாடியில் ஓட, நன்றாகப் பயிற்சி பெற்ற பெரிய வகுப்பு மாணவரால் முடியும். ஆனால் நிற்காமல் 25 முறை? அங்கேதான் இருக்கிறது விஷயம்! அந்தச் சாதனை கிட்டத்தட்ட 13 வருடங்கள் நிலைத்து நின்றது.

மைல் பந்தயம்

மைல் என்றால் எவ்வளவு தூரம்? சுமார் 1609 மீட்டர். கிலோமீட்டர் வருவதற்கு முன்பு நம் ஊர்ச் சாலைகளிலும் மைல் கணக்குத்தான். அதனால்தான் இன்றும் 'மைல்கல்' என்கிறோம். ஒரு மைலை எவ்வளவு சீக்கிரம் ஓட முடியும் என்பது ஓட்டக்காரர்களுக்குப் பெரிய சவால். மைதானத்தில் இது 4 சுற்றுக்குச் சற்று அதிகம்.

1915ஆம் ஆண்டு அமெரிக்க வீரர் நார்மன் டேபர் ஒரு மைலை 4 நிமிடம் 12.6 விநாடியில் ஓடியிருந்தார். 8 வருடங்களாக அதை யாராலும் முறியடிக்க முடியவில்லை. 1923ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் தேதி ஸ்டாக்ஹோமில் நூர்மியும் ஸ்வீடன் வீரர் எட்வின் வீடேயும் மைல் பந்தயத்தில் மோதினார்கள். வீடே ஒரு பள்ளி ஆசிரியர், சிறந்த ஓட்டக்காரர். உள்ளூர்க்காரரும்கூட! நூர்மி தன் கணக்குப்படி ஓடினார். 4 நிமிடம் 10.4 விநாடி. புதிய உலக சாதனை!

அந்த நேரத்தில் மைல், 5000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய மூன்று உலக சாதனைகளும் அவர் ஒருவர் பெயரிலேயே இருந்தன. மைலுக்கு வேகம் வேண்டும். பத்தாயிரம் மீட்டருக்குப் பொறுமை வேண்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம்.

ஒரு மணி நேரத்தில் இரண்டு தங்கம்

1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் வந்தது. அட்டவணையைப் பார்த்த பின்லாந்துக்காரர்களுக்கு அதிர்ச்சி. 1500 மீட்டர் இறுதிப் போட்டியும் 5000 மீட்டர் இறுதிப் போட்டியும் ஒரே நாளில், அதுவும் அரை மணி நேர இடைவெளியில்! எதிர்ப்புத் தெரிவித்த பிறகு இடைவெளி 55 நிமிடம் ஆனது. அவ்வளவுதான்.

அந்த வருட ஆரம்பத்தில்தான் நூர்மி பனியில் வழுக்கி விழுந்து முழங்காலில் அடிபட்டிருந்தார். இருந்தாலும் அவர் பின்வாங்கவில்லை. ஒலிம்பிக்குக்கு மூன்று வாரம் முன்பு ஹெல்சிங்கியில் ஒரு ஒத்திகை பார்த்தார். 1500 மீட்டர் ஓடினார், 3 நிமிடம் 52.6 விநாடி. சற்று ஓய்வுக்குப் பின் 5000 மீட்டர் ஓடினார், 14 நிமிடம் 28.2 விநாடி. இரண்டுமே உலக சாதனை! ஒத்திகையே இப்படி என்றால் போட்டி எப்படி இருக்கும்?

ஜூலை 10ஆம் தேதி. 1500 மீட்டர் ஓட்டத்தில் நூர்மி வழக்கம்போலக் கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடினார். கடைசிச் சுற்று வந்ததும் கடிகாரத்தைப் புல்தரையில் வீசினார். இனி கணக்கு வேண்டாம் என்பதுபோல! முதலாவதாக வந்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது. அவரோ ஆரவாரத்தைக் கண்டுகொள்ளாமல் ஓய்வெடுக்கப் போய்விட்டார். ஒரு மணி நேரத்துக்குள் 5000 மீட்டர். சக நாட்டு வீரர் வில்லே ரிடோலா கடைசிவரை விடாமல் துரத்தினார். வெறும் 0.2 விநாடி வித்தியாசத்தில் நூர்மிக்குத் தங்கம்!

இரண்டு நாள் கழித்து நாட்டுப்புற ஓட்டம். அன்று பாரிஸில் 40 டிகிரிக்கும் மேல் வெயில். 38 பேர் ஓடத் தொடங்கினார்கள். பலர் மயங்கி விழுந்தார்கள். முடித்தவர்கள் 15 பேர்தான். நூர்மிதான் முதலில் வந்தார். அந்த ஓட்டம் அத்தனை பேரைச் சாய்த்துவிட்டதால் ஒலிம்பிக்கிலிருந்தே அது நீக்கப்பட்டது. மறுநாள் 3000 மீட்டர் குழு ஓட்டத்திலும் நூர்மி ஓடினார். ஆறு நாட்களில் ஏழு ஓட்டங்கள், ஐந்து தங்கப் பதக்கங்கள்!

அடுத்த வருடம் அமெரிக்கா அழைத்தது. ஐந்து மாதங்களில் 50க்கும் மேற்பட்ட போட்டிகளில் ஓடினார். மிகச் சிலவற்றைத் தவிர எல்லாவற்றிலும் வெற்றி.

தூக்கிவிட்ட கை

நூர்மி அதிகம் பேச மாட்டார். சிரிக்கவும் மாட்டார். அதனால் அவருக்குத் தலைக்கனம் என்று சிலர் நினைத்தார்கள். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் நடந்ததைக் கேளுங்கள்.

தடைகளையும் தண்ணீர்க் குழியையும் தாண்டி ஓடும் 3000 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று. நூர்மி தண்ணீர்க் குழியில் தவறி விழுந்துவிட்டார். பின்னால் வந்த பிரான்ஸ் வீரர் லூசியன் டுகேன் நின்று அவரைத் தூக்கிவிட்டார். நூர்மி நினைத்திருந்தால் நன்றி சொல்லிவிட்டுத் தனியாகப் பறந்திருக்கலாம். ஆனால் அவர் டுகேனைத் தன்னோடு அழைத்துக்கொண்டே ஓடினார். இருவரும் முன்னால் இருந்தவர்களை எட்டிப் பிடித்தார்கள். முடிவுக் கோட்டருகே வந்ததும் முதலிடத்தை டுகேனுக்கே விட்டுக்கொடுக்க முன்வந்தார். அவர் மறுத்துவிட்டார். நன்றியைச் சொல்ல வாய் தேவையில்லை, கால்களே போதும் என்று காட்டினார் நூர்மி.

அந்த ஒலிம்பிக்கில் 10,000 மீட்டரில் தங்கம். 5000 மீட்டரிலும் தடை தாண்டும் ஓட்டத்திலும் வெள்ளி. அப்போது அவருக்கு வயது 31.

வயதும் வேகமும்

இப்போது நாம் சொன்ன கணக்குக்கு வருவோம். வயது ஏற ஏற நூர்மியின் ஓட்டம் எப்படி மாறியது என்று பாருங்கள்:

11 வயது: 1500 மீட்டர், 5 நிமிடம் 2 விநாடி
24 வயது: 10,000 மீட்டர், 30 நிமிடம் 40.2 விநாடி (முதல் உலக சாதனை)
26 வயது: ஒரு மைல், 4 நிமிடம் 10.4 விநாடி
27 வயது: 1500 மீட்டர், 3 நிமிடம் 52.6 விநாடி
27 வயது: 10,000 மீட்டர், 30 நிமிடம் 6.2 விநாடி
31 வயது: ஒரு மணி நேரத்தில் 19,210 மீட்டர்
34 வயது: இரண்டு மைல், 8 நிமிடம் 59.6 விநாடி
36 வயது: 1500 மீட்டர், 3 நிமிடம் 55.8 விநாடி

11 வயதில் 100 மீட்டருக்குச் சராசரியாக 20 விநாடி எடுத்துக்கொண்ட பையன், 27 வயதில் 15.5 விநாடிதான் எடுத்துக்கொண்டார். இந்த மாற்றம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 16 வருடங்கள் ஆயின! அதில் ஒரு பகுதி, உடம்பு வளர்ந்ததால் வந்தது. வளர வளரக் கால்கள் நீளும். இதயமும் நுரையீரலும் பெரிதாகும். மீதி, பயிற்சியால் வந்தது.

30 வயதுக்கு மேல் என்ன ஆகும்? பாயும் வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் நீண்ட நேரம் தாங்கி ஓடும் சக்தி சீக்கிரம் குறையாது. நூர்மி அதைப் புரிந்துகொண்டார். வயதாக ஆக நீண்ட தூரங்களுக்கு மாறினார். 34 வயதில் இரண்டு மைலை 9 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் ஆனார். அதாவது நாலரை நிமிடத்தில் ஒரு மைல், உடனே நாலரை நிமிடத்துக்குள் இன்னொரு மைல்!

மூடிய கதவு

நூர்மியின் கடைசி ஆசை 1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட வேண்டும் என்பது. கோலேமைனன் போல மாரத்தான் தங்கத்தோடு ஓய்வு பெற ஆசைப்பட்டார்.

அந்தக் காலத்தில் ஒலிம்பிக்கில் ஓடுகிறவர்கள் ஓட்டத்துக்காகப் பணம் வாங்கக் கூடாது என்று கடுமையான விதி இருந்தது. நூர்மி ஒரு பயணத்தில் அளவுக்கு மேல் செலவுப் பணம் வாங்கினார் என்று புகார் எழுந்தது. சர்வதேசத் தடகளச் சங்கம் அவரைத் தடை செய்தது. தடை நீங்கும் என்ற நம்பிக்கையில் அவர் லாஸ் ஏஞ்சல்ஸுக்கே போய்ப் பயிற்சி செய்தார். மாரத்தானில் அவரோடு மோத இருந்த வீரர்களே அவரையும் ஓடவிடும்படி மனுக் கொடுத்தார்கள். ஆனாலும் கதவு திறக்கவில்லை. பார்வையாளராக மட்டுமே இருக்க முடிந்தது.

மனம் எவ்வளவு வலித்திருக்கும்! அவரோ ஓடுவதை நிறுத்தவில்லை. பின்லாந்துக்குள் ஓட அவருக்கு அனுமதி இருந்தது. 1933ஆம் ஆண்டு, 36 வயதில், தன்னைவிடச் சின்னவர்களோடு 1500 மீட்டர் ஓடித் தேசிய சாம்பியன் ஆனார். மேலே உள்ள பட்டியலில் கடைசி வரியைப் பாருங்கள். தன் சிறந்த நேரத்துக்கும் இதற்கும் சுமார் 3 விநாடிதான் வித்தியாசம்! 1934ஆம் ஆண்டு ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். பிறகு ஹெல்சிங்கியில் துணிக்கடை வைத்தார். அடுக்குமாடி வீடுகள் கட்டும் தொழிலும் செய்து முன்னேறினார்.

மீண்டும் அந்த ஓட்டம்

1952ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் தேதி. ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் தொடக்க விழா. ஒலிம்பிக் சுடரை ஏந்தி வரப்போகிறவர் யார் என்பது ரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. கொட்டும் மழைக்கால வானத்தின் கீழே, வாசல் வழியாகச் சுடரோடு ஒருவர் ஓடி வந்தார். 55 வயது. தலையில் முடி குறைந்திருந்தது. ஆனால் அந்த நிமிர்ந்த ஓட்டம்! அதைப் பார்த்ததுமே மக்களுக்குத் தெரிந்துவிட்டது. நூர்மி! அரங்கமே அதிர்ந்தது. மைதானத்தில் அணிவகுத்து நின்ற பல நாட்டு வீரர்கள், அவரை அருகில் பார்க்க வரிசையைக் கலைத்துக்கொண்டு ஓடினார்கள்.

நூர்மி மைதானத்தில் சுடர் ஏற்றினார். கோபுரத்தின் உச்சியில் ஏற்றுவதற்காகச் சுடர் இன்னொருவரிடம் போனது. அவருக்கு வயது 62. அவர் யார் என்று ஊகித்திருப்பீர்களே! ஆமாம், ஹான்னஸ் கோலேமைனன். 40 வருடங்களுக்கு முன்பு அவர் வெற்றிச் செய்தியைக் கேட்டுக் காலணி வாங்கிய பையன், இப்போது அவருக்காகவே சுடரைச் சுமந்து வந்திருந்தான்!

வயதான காலத்தில் நூர்மியை இதய நோய் வாட்டியது. தன்னைப் போன்ற நோயாளிகளுக்கு உதவ, 1968ஆம் ஆண்டு இதய நோய் ஆராய்ச்சிக்காகத் தன் பெயரில் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 1973ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி காலமானார். பின்லாந்து அவருக்கு அரசு மரியாதை செலுத்தியது. 1987ஆம் ஆண்டு வெளியான அந்நாட்டின் 10 மார்க் நோட்டில் அவர் படம் இருந்தது. விண்ணில் சுற்றும் ஒரு குறுங்கோளுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அவர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்!

நூர்மிக்குப் பிறகும் மைல் ஓட்டம் நிற்கவில்லை. 1954ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரோஜர் பானிஸ்டர் 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி, 4 நிமிடத்துக்குள் மைல் ஓடிய முதல் மனிதர் ஆனார். 1999ஆம் ஆண்டு மொராக்கோவின் ஹிஷாம் எல் குவெரூஜ் அதை 3 நிமிடம் 43.13 விநாடிக்குக் கொண்டுவந்தார்.

நீங்களும் செய்து பாருங்கள்!

ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி மைதானத்தில் நாலு சுற்று ஓடுங்கள். நண்பர் ஒருவரை வாட்ச் பார்க்கச் சொல்லி, ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் எழுதுங்கள். முதல் சுற்றுக்கும் கடைசிச் சுற்றுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறதா? அடுத்த முறை முதல் சுற்றைக் கொஞ்சம் மெதுவாகத் தொடங்குங்கள். மொத்த நேரம் குறைகிறதா பாருங்கள்.

சில விஷயங்களில் கவனம் தேவை. ஓடுவதற்கு முன் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் ஓட வேண்டாம். தண்ணீர் குடியுங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நின்று ஆசிரியரிடம் சொல்லுங்கள். தினமும் சாதனை செய்ய வேண்டும் என்று உடம்பை வருத்தாதீர்கள். நீங்கள் வளர்ந்துகொண்டிருக்கிறீர்கள், உங்கள் வேகமும் கூடவே வளரும்.

பக்கத்து வீட்டுப் பையன் உங்களைவிட வேகமாக ஓடுகிறானா? ஓடட்டுமே! நூர்மி பக்கத்தில் ஓடியவரைப் பார்க்கவில்லை, கையிலிருந்த கடிகாரத்தைத்தான் பார்த்தார். நீங்களும் போன மாதம் நோட்டில் எழுதிய உங்கள் நேரத்தோடு போட்டி போடுங்கள். அடுத்த வருடம் இதே நாளில் அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.

என்ன, காலணியைத் தேடக் கிளம்பிவிட்டீர்களா?